கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனைப் பற்றிய 'தி லாஸ்ட் டான்ஸ்' ஆவணப்படத் தொடரில் எல்லோருடைய குரலும் சரியாக இடம்பெற்றிருக்கிறதா?

இல்லை என்றுதான் சொல்வேன். 2020-ல் வந்த இந்தப் பத்துப் பகுதித் தொடரில் கறுப்பின வீரர்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்கிறார்கள். அது பெரிய விஷயம். 1990-ல் வட கரோலினா செனட் தேர்தலில் கறுப்பின வேட்பாளர் ஹார்வி கேன்டை ஜோர்டன் வெளிப்படையாக ஆதரிக்காததையும் தொடர் மறைக்கவில்லை. அதைப் பற்றி ஒபாமாவே பேசுகிறார்.

ஆனால் கிரெய்க் ஹாட்ஜஸ் எங்கே? ஜோர்டனின் அணியான சிகாகோ புல்ஸ் 1991-லும் 1992-லும் கோப்பை வென்றபோது அணியில் இருந்தவர். வெள்ளை மாளிகைக்கு ஆப்பிரிக்க உடையில் போய், கறுப்பின மக்களின் நிலை குறித்து அதிபர் புஷ்ஷுக்குக் கடிதம் கொடுத்தவர். 1992-க்குப் பிறகு அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் எந்த அணியும் அவரைச் சேர்க்கவில்லை. ஜோர்டனின் மௌனத்தைப் பேசும் தொடர், பேசிய சக வீரரைப் பேட்டி எடுக்காதது எனக்கு உறுத்துகிறது.

பெண்கள் மிகக் குறைவு. அம்மா டெலோரிஸ் வருகிறார், சில பத்திரிகையாளர்கள் வருகிறார்கள். முன்னாள் மனைவி ஹுவானிட்டாவின் பேட்டி இல்லை. அப்புறம் இன்னொன்று: ஜோர்டனின் சொந்த நிறுவனத்துக்கும் தயாரிப்பில் பங்கு உண்டு. ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸ் இதை வெளிப்படையாகக் கண்டித்தார்.