குதிரைவாலியும் ரேஷன் அரிசியும்

அன்புள்ள ஐயா,

திருமங்கலத்தில் வசிக்கிறேன். மாமியாருக்குச் சர்க்கரை நோய்; மருத்துவர் சோற்றைக் குறைக்கச் சொல்கிறார். உடம்புக்கும் பூமிக்கும் சிறுதானியமே நல்லது என்று எங்கும் எழுதுகிறார்கள். ரேஷனில் அரிசி இலவசம், குதிரைவாலி விலையோ எட்டவில்லை. இதெல்லாம் வசதியுள்ளவர்களுக்கு மட்டும்தானா?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் கோபம் நியாயமானது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, டி.கல்லுப்பட்டி, பேரையூர் மானாவாரிக் காடுகளில் மழையை மட்டும் நம்பி விளைகிற பயிர் குதிரைவாலி. என் அம்மாச்சியின் ஊரும் அந்தப் பக்கம்தான். சின்ன மணியில் இறுக ஒட்டிய உமியை நீக்குவது பெரும்பாடு. அம்மாச்சி உரலில் குத்திக் கை காய்த்துப்போனவர். இன்று அந்த வேலை ஆலைக்குப் போய்விட்டது. விலையும் அங்கிருந்துதான் ஏறுகிறது. விளைவித்தவரோ மூட்டையை விற்றுவிட்டு ரேஷன் அரிசியை உலையில் போடுகிறார். எனக்கு இது ஆறாத வருத்தம்.

ஆனால் சோற்றுக் குவியலை எடுத்துவிட்டு அதே அளவு குதிரைவாலியைக் குவித்தால் உங்கள் மாமியாருக்குப் பெரிய பயன் இல்லை. அதுவும் மாவுச்சத்துதான். வெள்ளை வெளேரென்று தீட்டியதில் தவிடும் நார்ச்சத்தும் போயிருக்கும்.

நெல்லையும் பகையாக நினைக்காதீர்கள். வயலில் எப்போதும் தண்ணீர் நிற்கும்போது காற்றில்லாத சேற்றில் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு உண்டாகிறது, உண்மைதான். வயலை இடையிடையே காயவிட்டு, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் அது குறையும், தண்ணீரும் மிஞ்சும். மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் பெரியாற்றுப் பாசனத்தில் செய்யக்கூடியதுதான்.

மாற வேண்டியது குழம்புச் சட்டி. உடல்நலத்தையும் பூமியையும் சேர்த்துக் கணக்கிட்டு, 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் அறிவியலாளர் குழு ஒன்று உணவுப் பட்டியல் வெளியிட்டது. அதில் ஒருவருக்கு நாளொன்றுக்குப் பயறு வகைகள் 75 கிராம். ஆடு, மாடு, பன்றி இறைச்சி எல்லாம் சேர்த்து 14 கிராம், அதாவது மாதம் சுமார் 400 கிராம். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பை நீங்கள் நிறுத்த வேண்டியதில்லை, அளவாக வைத்தால் போதும். நம் வீடுகளில் குறைவது பயறுதான். சாம்பாரில் பருப்பைத் தேடவேண்டியிருக்கிறது!

மொச்சை, தட்டைப்பயறு, பாசிப்பயறு, ரேஷனில் முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பு, இவை சர்க்கரையை மெதுவாகவே ஏற்றும். இவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால் யூரியாவின் தேவையும் குறைகிறது. சோறு பாதி, பயறும் கீரையும் காயும் மீதி என்று தட்டை மாற்றுங்கள். மாமியார் மாத்திரை அல்லது ஊசி எடுப்பவரென்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள். திடீரென்று குறைத்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் பயற்றின் அளவையும் மருத்துவரிடமே கேளுங்கள்.

தை மாதம் பச்சை மொச்சை மலிவாக வரும்போது நிறைய வாங்கிக் குழம்பு வையுங்கள். குதிரைவாலி வாரம் ஒரு நாள் போதும். வாங்கும்போது பழுப்பாக, தவிடு ஒட்டியதாகக் கேட்டு வாங்குங்கள்.