பூர்ழ் நகரில் இரண்டு இரவுகள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகள் பாரிஸில் படிக்கிறாள். வரும் அக்டோபரில் நானும் கணவரும் பன்னிரண்டு நாட்கள் அவளுடன் தங்கப் போகிறோம். பாரிஸை முன்பே பார்த்துவிட்டதால், கூட்டம் இல்லாத பழைய நகரம் ஒன்றைப் பார்க்க ஆசை. பூர்ழ் என்ற ஊரைப் பற்றி நீங்கள் ஒரு கட்டுரையில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். மகளின் நண்பர்களோ அங்கே ஒரு தேவாலயத்தைத் தவிர ஒன்றுமில்லை, அரை நாள் போதும் என்கிறார்கள். காலையில் பூர்ழ், மாலையில் லுவார் ஆற்றுப் பக்கம் ஒரு கோட்டை என்று வைத்துக்கொள்ளலாமா? எங்களுக்குப் பிரெஞ்சும் தெரியாது, கட்டடக்கலையும் தெரியாது. நாங்கள் சைவ உணவுக்காரர்கள்.

ஆர்., கோயம்புத்தூர்

அன்புள்ள ஆர்.,

வேண்டாம். கோட்டையை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொண்டு, பூர்ழில் இரண்டு இரவுகள் தங்குங்கள். நான் முதல் முறை சென்றபோது நீங்கள் இப்போது நினைப்பதைப் போலவே மூன்று மணி நேரம் ஒதுக்கியிருந்தேன். பேராலயத்தைச் சுற்றி வந்து படங்கள் எடுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டேன். அன்று நான் எதையும் பார்க்கவில்லை என்பது, சில ஆண்டுகள் கழித்து மறுபடி போய்த் தங்கியபோதுதான் புரிந்தது.

பாரிஸின் ஓஸ்டெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். சில ரயில்களில் வியர்ஸோனில் இறங்கி மாற வேண்டியிருக்கும்.

ஊர் மிகப் பழையது. ரோமானியர் காலத்தில் அதன் பெயர் அவாரிக்கம். கி.மு. 52இல் சீசரின் படைக்கு உணவு கிடைக்கக் கூடாது என்பதற்காக, அன்றைய பிரான்ஸில் வாழ்ந்த கால் (Gaul) இன மக்கள், தங்கள் தலைவர் வெர்சிங்கெடோரிக்ஸின் சொற்படி, ஒரே நாளில் இருபதுக்கும் மேற்பட்ட தங்கள் ஊர்களைத் தாங்களே கொளுத்தினார்கள். அவாரிக்கத்து மக்கள் மட்டும், நாட்டிலேயே ஏறக்குறைய மிக அழகான எங்கள் ஊரை எரிக்காதீர்கள் என்று காலில் விழுந்து கெஞ்சினார்கள். ஊர் தீக்குத் தப்பியது, சீசரிடம் தப்பவில்லை. உள்ளே இருந்த சுமார் 40,000 பேரில் 800 பேர்தான் தப்பினார்கள் என்று சீசரே தன் போர்க் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அழகாக இருந்ததற்காகக் காப்பாற்றப்பட்டு, அதனாலேயே அழிந்த அந்த ஊரின் மேட்டில்தான் இப்போது பேராலயம் நிற்கிறது என்பதை, படியேறும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

பேராலயம் புனித ஸ்தேவானுக்கு உரியது. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் முடியப்பர் என்று அழைக்கும் அதே புனிதர்தான். 1195ஐ ஒட்டி வேலை தொடங்கியது. யுனெஸ்கோ 1992இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கட்டடக்கலை தெரியாதே என்று கவலைப்பட வேண்டாம், ஒரே ஒரு செய்தியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே செல்லுங்கள். அக்காலத்துப் பெரிய ஆலயங்கள் பெரும்பாலும் சிலுவை வடிவில், இரு பக்கமும் கை நீட்டியதுபோல் கட்டப்பட்டிருக்கும். பூர்ழில் அந்தக் கைகள் இல்லை. வாசலிலிருந்து பீடம் வரை பார்வையை எதுவும் தடுப்பதில்லை. வெளிப்பக்கத்துக் கூரை சுமார் 9 மீட்டர், அடுத்தது 21 மீட்டர், நடுக்கூடம் 37 மீட்டர் என்று உயரம் படிப்படியாக எழும்புகிறது. வாசல்களும் ஐந்து, உள்ளே தூண்கள் பிரிக்கும் நீண்ட வரிசைகளும் ஐந்து. பக்கவாட்டு வரிசையில் ஒரு தூணருகே நின்று நடுக்கூடத்தை நோக்கித் திரும்பினால், ஒரு பெரிய ஆலயத்துக்குள் அதைவிடப் பெரிய இன்னோர் ஆலயம் நிற்பதுபோல் இருக்கும். இதைப் படத்தில் காட்ட முடியாது, நானும் முயன்று பார்த்தேன்.

வண்ணக் கண்ணாடிச் சன்னல்களுக்கு ஒரு காலைப் பொழுதை முழுமையாகக் கொடுங்கள். பீடத்தைச் சுற்றிச் செல்லும் பாதையில் உள்ளவை பெரும்பாலும் 1215ஐ ஒட்டியவை. அவை தாழ்வாகவே இருப்பதால் வெறுங்கண்ணாலேயே படிக்கலாம். ஆம், படிக்கலாம் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒரு கதை. கள்வர்கள் அடித்துப் போட்ட வழிப்போக்கன் ஒருவனுக்கு அந்நியர் ஒருவர் உதவும் விவிலியக் கதையைச் சொல்லும் நல்ல சமாரியர் சன்னலின் முன் நான் முக்கால் மணி நேரம் நின்றேன். இத்தகைய சன்னல்களைப் பொதுவாகக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும், இது மட்டும் மேலிருந்து கீழே வருகிறது. உச்சியில் அந்த வழிப்போக்கன் எருசலேமை விட்டுப் புறப்படுகிறான், கீழே வரவர கள்வர்கள் அவனைப் பிடித்து அடித்து ஆடையை உரிகிறார்கள். நடுவே உள்ள வட்டங்களில் இந்தக் கதை நடக்கும்போதே, இரு ஓரங்களில் உலகப் படைப்பும் ஆதாம் ஏவாளின் வீழ்ச்சியும் ஓடுகின்றன. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போவது இறக்கம் என்பதால்தான் கதையும் இறங்கி வருகிறது என்பது என் எண்ணம். வேறு சில சன்னல்களின் அடியில் தச்சர்களும் பீப்பாய் செய்பவர்களும் தங்கள் வேலையில் குனிந்திருக்கிறார்கள். புனிதர்களைப் பார்த்துவிட்டு அவர்களையும் தேடிப் பாருங்கள்.

வெளியே வந்ததும் நடு வாசலின் மேல் இறுதித் தீர்ப்புக் காட்சி கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. இறந்தவர்கள் கல்லறை மூடிகளைத் தூக்கிக்கொண்டு எழுகிறார்கள். அதிதூதர் மிக்கேல் தராசு பிடித்திருக்கிறார். பக்கத்தில் ஒரு சிறு ஆன்மா, குழந்தை உருவில். அவர் புன்னகையோடு அதை அணைத்திருக்கிறார். ஒரு சாண் தள்ளி, பிசாசுகள் கொப்பரையில் மனிதர்களை வேகவைக்கின்றன, தேரைகள் அவர்களைக் கடிக்கின்றன. இத்தனை கொடூரத்துக்கு அருகில் அந்தப் புன்னகை எப்படிக் கலையாமல் இருக்கிறது என்று நான் வியக்காத நாளில்லை. வடக்குக் கோபுரம் 1506இன் கடைசி நாளில் இடிந்து விழுந்து, பிறகு எழுப்பப்பட்டது. நோன்பு நோற்கும் தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண அனுமதி பெற்றவர்கள் கொடுத்த பணம் அதற்கு உதவியதால் வெண்ணெய்க் கோபுரம் என்று பெயர். படிகள் 396. முழங்கால் ஒத்துழைத்தால் ஏறுங்கள்.

பிற்பகலில் ழாக் கேரின் மாளிகைக்குச் செல்லுங்கள். தோல் வணிகர் ஒருவரின் மகனாக இவ்வூரில் பிறந்து, மத்தியதரைக் கடலில் கப்பல் ஓட்டிச் செல்வம் சேர்த்து, மன்னர் ஏழாம் சார்லஸுக்கே கடன் கொடுத்தவர் அவர். 1443இல் மாளிகையைத் தொடங்கினார். 1451இல் அதே மன்னர் அவரைக் கைது செய்தார். 1454இல் சிறையிலிருந்து தப்பி, 1456இல் கியோஸ் தீவில் இறந்தார். கேர் என்றால் பிரெஞ்சில் இதயம், எனவே கல்லில் எங்கு பார்த்தாலும் இதயங்கள், அவற்றோடு ழாக் என்ற பெயருக்குரிய புனிதரான யாக்கோபின் சிப்பிகள். தெருப்பக்க வாசலின் மேல், கல்லால் செய்த பொய்ச் சன்னல்களில் ஓர் ஆணும் பெண்ணும் சாய்ந்துகொண்டு தெருவையே பார்க்கிறார்கள். வீட்டுக்காரர் வருகிறாரா என்று பார்ப்பதுபோன்ற நிற்பு அது. அவர் அந்த வீட்டில் நிம்மதியாக வாழவே இல்லை என்பது தெரிந்த பிறகு, அந்த இரண்டு முகங்களையும் சும்மா கடந்துபோக என்னால் முடியவில்லை.

மகளின் நண்பர்கள் ஊரில் வேறொன்றும் இல்லை என்றார்கள் அல்லவா? பேராலயத்தின் அடிவாரத்திலேயே 135 ஹெக்டேர் சதுப்பு நிலம் இருக்கிறது. வாய்க்கால்களுக்கு நடுவே சிறுசிறு காய்கறித் தோட்டங்கள், சிலவற்றுக்குத் தட்டைப் படகில்தான் போக வேண்டும். மாலையில் அங்கே நடந்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள், பேராலயம் தோட்டங்களுக்கு மேலே நிற்கும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, மதிய உணவைப் பெரும்பாலான விடுதிகளில் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான் பரிமாறுவார்கள். இவ்வட்டாரத்தில் பச்சை நிறப் பருப்பும் உருளைக்கிழங்கு அடையும் ஷவிஞோல் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் பெயர் பெற்றவை. பருப்பில் பன்றி இறைச்சித் துண்டுகள் சேர்ப்பது வழக்கம் என்பதால், மகளை விட்டு முன்பே கேட்டுவிடுங்கள்.

கிளம்பும் நாள் காலை, ரயிலுக்கு முன் மறுபடி பேராலயத்துக்குள் செல்லுங்கள். முந்தைய நாள் வானம் மூடியிருந்து அன்று வெயில் வந்தால், அதே நீலமும் சிவப்பும் வேறாக இருக்கும். ஒரு சிறிய தொலைநோக்கியை எடுத்துச் செல்லுங்கள். உச்சிச் சன்னல்களில் வடக்கே இறைவாக்கினர்கள், தெற்கே திருத்தூதர்கள் நிற்கிறார்கள், அவர்களின் முகங்களைக் கீழிருந்து வெறுங்கண்ணால் காண முடியாது.

அன்புடன்.