அலாஸ்காவில் கோடை வேலை: மகளை அனுப்பும் முன்

வணக்கம் அம்மா. டெனாலி தேசியப் பூங்காவின் வாசலில் உள்ள ஒரு விடுதியில் மகளுக்குக் கோடை வேலை கிடைத்திருக்கிறது என்று கேட்ட நாளிலிருந்து உங்களுக்குத் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கரடி, குளிர், தெரியாத மனிதர்கள், மூன்று மாதம் விடுதியில் அறை துடைத்தால் படிப்புக்கு என்ன பயன் என்ற கவலை, எல்லாம் கடிதத்தில் இருக்கின்றன. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போகட்டும். ஆனால் கையெழுத்துப் போடும் முன் அவள் சில கேள்விகளை நிறுவனத்திடம் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கியாக வேண்டும். நான் பார்த்தவரை, பாதியில் திரும்பி வரும் பிள்ளைகள் கரடிக்குப் பயந்து வருவதில்லை. அறை எப்படி இருக்கும், சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள், வேலை எந்தத் தேதியில் முடியும் என்று கேட்காமல் போனவர்கள்தான் மனம் நொந்து திரும்புகிறார்கள்.

தேதியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அது இல்லவே இல்லை. டெனாலியில் சுற்றுலாக் காலம் மே நடுவில் தொடங்கி செப்டம்பர் நடுவில் முடிகிறது. மகளின் பல்கலைக்கழகம் செமஸ்டர் முறை என்கிறீர்கள். அப்படியானால் ஆகஸ்ட் கடைசிக்குள் வகுப்பு தொடங்கிவிடும். ஒப்பந்தத் தேதிவரை இருந்தவர்களுக்கு மட்டும் சீசன் முடிவில் போனஸ் தரும் நிறுவனங்கள் பல. ஆகஸ்ட் நடுவில் கிளம்ப வேண்டுமானால் அதை இப்போதே சொல்லி, ஆஃபர் லெட்டரில் அந்தத் தேதியையே எழுத வைக்க வேண்டும். ஜூலையில் போய்ச் சொன்னால் ஒப்பந்தத்தை முறித்தவள் ஆகிவிடுவாள். போனஸும் போகும், நல்ல பரிந்துரையும் போகும்.

மகள் அமெரிக்காவிலேயே பிறந்தவள் என்பதால் வேலை செய்யும் உரிமையில் சிக்கல் இல்லை. இதைப் படிக்கும் மற்றப் பெற்றோருக்காக ஒரு வரி: பிள்ளை எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்பவராக இருந்தால் இப்படிக் கோடையில் கிளம்பிப்போய் வேலை பார்க்க முடியாது. சிபிடி, ஓபிடி என்று படிப்புத் துறை சார்ந்த வேலைக்குத் தரும் அனுமதி இல்லாமல் வளாகத்துக்கு வெளியே ஒரு நாள் சம்பளம் வாங்கினாலும் விசா நிலைக்கே ஆபத்து. பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் ஓர் அடிகூட எடுக்க வேண்டாம்.

நீங்கள் மனதில் நினைத்திருக்கும் அளவுக்கு அந்த இடம் எட்டாத இடமில்லை. பூங்கா வாசல் ஆங்கரேஜிலிருந்து 237 மைல், ஃபேர்பேங்ஸிலிருந்து சுமார் 120 மைல். பார்க்ஸ் நெடுஞ்சாலை பக்கத்திலேயே போகிறது, அலாஸ்கா ரயில்வேயின் நிலையமும் இருக்கிறது. நெனானா ஆற்றோரம் விடுதிகளும் கடைகளும் நெருக்கமாக நிற்கும் பகுதியை அங்கே வேலை செய்பவர்கள் கிளிட்டர் கல்ச் என்று அழைக்கிறார்கள். கோடை முடிந்ததும் அது ஏறக்குறைய முழுவதும் பூட்டிக் கிடக்கும். சில மைல் வடக்கே ஹீலி என்ற சிற்றூர், அங்கே கிளினிக் உண்டு. பெரிய மருத்துவமனைக்கு ஃபேர்பேங்ஸ் போக வேண்டும். இதையே பூங்காவின் உள்ளே, 92 மைல் சாலையின் மறுமுனையில் இருக்கும் கான்டிஷ்னாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் பிரெட்டி ராக்ஸ் என்ற இடத்தில் மண் சரிந்து சாலை மூடப்பட்டதும், அங்குள்ள விடுதிகளுக்குச் சிறு விமானத்தில்தான் போக முடிந்தது. அல்லது அலாஸ்காவின் தென்மேற்கில் பிரிஸ்டல் பே பக்கம் உள்ள மீன் பதனிடும் ஆலைகள்: ஜூலைத் தொடக்கத்தில் சாக்கை வகை சால்மன் மீன் குவியும்போது ஒரு நாளைக்கு 16 மணி நேரம்கூட நிற்க வேண்டிவரும். ஓவர்டைம் பணம் நன்றாக வரும், உடம்பு ஓய்ந்துவிடும். முதல் கோடைக்குச் சாலையும் கிளினிக்கும் அருகில் உள்ள இடம்தான் சரி. அந்த வகையில் மகள் நல்ல இடத்தையே பிடித்திருக்கிறாள்.

இனி தங்குமிடம். நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். அங்கே வேலை செய்யும் இடமும் வாழும் இடமும் ஒன்றுதான். சண்டை போட்ட மேலாளரையே இரவுச் சாப்பாட்டு வரிசையில் பார்க்க வேண்டிவரும். வாடகைக்கு வேறு அறை தேடலாம் என்றால் அங்கே வாடகை வீடே கிடைக்காது. அதனால் மகள் போனில் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்: ஓர் அறையில் எத்தனை பேர்? பெண்களுக்குத் தனிக் கட்டடமா, ஒரே கட்டடத்தில் தனி மாடியா? அறைக் கதவுக்கு உள்பூட்டு உண்டா? குளியலறை எங்கே, இரவில் வெளியே நடந்துபோக வேண்டுமா? அறைத்தோழியோடு ஒத்துப்போகாவிட்டால் மாற்றித் தருவார்களா? யாராவது தொல்லை கொடுத்தால் புகாரை வாங்குபவர் யார், அவர் அங்கேயே தங்கியிருக்கிறாரா, தொலைவில் உள்ள தலைமை அலுவலகத்தில் இருக்கிறாரா? கடைசிக் கேள்விக்குத் தடுமாறும் நிறுவனத்தைப் பற்றி இரண்டாம் முறை யோசிக்கச் சொல்வேன்.

மதுவைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். கோடைப் பணியாளர் விடுதிகளில் குடி அதிகம். வேலை முடிந்தால் போக வேறு இடமில்லை, வெளியில் வெளிச்சமும் அணைவதில்லை, வயதோ இருபதைச் சுற்றி. சில நிறுவனங்களில் மது அனுமதிக்கப்படாத விடுதி தனியாக இருக்கும். மகளுக்கு 21 ஆகவில்லை என்பதால் அதைக் கேட்டு வாங்குவது இயல்பான கோரிக்கைதான், யாரும் வித்தியாசமாக நினைக்க மாட்டார்கள். அலாஸ்காவில் 21 வயதானவர்களுக்குக் கஞ்சா சட்டப்படி உண்டு. ஆனால் தேசியப் பூங்கா மத்திய அரசின் நிலம், அங்கே எந்த வயதிலும் குற்றம். போதைப்பொருள் சோதனை வைக்கும் நிறுவனங்களும் உள்ளன. இதை அவளிடம் பயமுறுத்தும் குரலில் சொல்ல வேண்டாம், தகவலாகச் சொல்லுங்கள்.

பணத்துக்கு வருவோம். அலாஸ்காவின் குறைந்தபட்ச ஊதியம் 2025 ஜூலை 1 முதல் மணிக்கு 13 டாலர். 2026 ஜூலை 1 முதல் 14 டாலர். சில மாநிலங்களில் டிப்ஸ் வருகிறது என்று காட்டி அடிப்படை ஊதியத்தைக் குறைப்பார்கள். அலாஸ்காவில் அது முடியாது. உணவு பரிமாறும் வேலைக்கு ஏன் அவ்வளவு போட்டி என்பது இதிலிருந்தே புரியும். பொதுவாக ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேலோ வாரத்தில் 40 மணி நேரத்துக்கு மேலோ உழைத்தால் ஒன்றரை மடங்கு தர வேண்டும். மறுபக்கம், அறைக்கும் சாப்பாட்டுக்கும் சம்பளத்திலிருந்து பிடிப்பார்கள். அது நாளுக்கு எவ்வளவு, விடுமுறை நாளிலும் பிடிப்பார்களா, வாரத்துக்குக் குறைந்தது எத்தனை மணி நேர வேலை உறுதி என்ற மூன்றையும் தெரிந்துகொண்டால்தான் கையில் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட முடியும். அலாஸ்காவில் மாநில வருமான வரி கிடையாது என்று பிள்ளைகள் மகிழ்ந்துவிடுகிறார்கள். உங்கள் வீடு கலிஃபோர்னியாவில் இருப்பதால் அலாஸ்காவில் சம்பாதித்ததற்கும் கலிஃபோர்னியாவில் கணக்குக் காட்ட வேண்டும். சம்பளத்தில் அதற்காகப் பிடித்திருக்காவிட்டால் கையிலிருந்து கட்டவும் நேரலாம். முதல் சம்பளம் வரும்வரை செலவுக்கும், எந்த நாளிலும் வீடு திரும்ப ஒரு டிக்கெட்டுக்கும் பணம் அவள் கணக்கில் தனியாக இருக்கட்டும். அந்த டிக்கெட் பணம் இருக்கும் பிள்ளை சரியில்லாத இடத்தில் மாட்டிக்கொண்டு தவிக்காது.

ஆவணங்களில் ஒரே ஒரு விஷயம் பலரைக் கவிழ்க்கிறது. வேலையில் சேர்ந்த மூன்று வேலை நாட்களுக்குள் வேலை செய்யும் உரிமையைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்துக்கான ஆவணங்களைக் காட்ட வேண்டும், அதுவும் அசலை. போனில் இருக்கும் படம் செல்லாது. பாஸ்போர்ட் இருந்தால் அது ஒன்றே போதும்; இல்லையென்றால் ஓட்டுநர் உரிமமும் சோஷியல் செக்யூரிட்டி கார்டும். அந்தக் கார்டு பெரும்பாலும் உங்கள் பீரோவில் இருக்கும், இப்போதே எடுத்து வையுங்கள்.

உடம்பைத் தயார்ப்படுத்த இரண்டு மாதமாவது வேண்டும். அறை சுத்தம் செய்வதோ பரிமாறுவதோ, நாள் முழுவதும் காலில் நிற்கும் வேலை. புதுக் காலணியை அங்கே போய் முதல்முறை மாட்டினால் முதல் வாரமே கொப்புளம்தான். வாங்கி இப்போதிருந்தே போட்டு நடக்கட்டும். ஜூன் நடுவில் சூரியன் நள்ளிரவைத் தாண்டித்தான் மறையும், நான்கு மணிக்கு முன்பே எழுந்துவிடும், இடையில் முழு இருட்டே கிடையாது. தூக்கம் கெட்டால் இரண்டே வாரத்தில் எரிச்சலும் அழுகையும் வரும். அதை வீட்டு ஏக்கம் என்று அவளும் நீங்களும் தவறாக நினைத்துக்கொள்வீர்கள். நல்ல கண்மறைப்பு ஒன்று கட்டாயம். கொசு ஜூன், ஜூலையில் மொய்க்கும், தலையையும் முகத்தையும் மூடும் கொசுவலை வேண்டும். கோடையில் எந்த மாதத்திலும் பனி விழக்கூடும், மழை அடிக்கடி வரும். நனைந்த பருத்தித் துணி உடல் சூட்டை உறிஞ்சிவிடும், உறைநிலைக்கு மேலேயே உடல் வெப்பம் ஆபத்தாகக் குறைய முடியும். மெரினோ கம்பளி உள்ளாடை, ஃபிளீஸ், மேலும் கீழுமாக மழை உடை என்று அடுக்கடுக்காகப் போடுவதே வழி.

கரடிக்குப் பயிற்சி அங்கேயே கொடுப்பார்கள், கவனித்துக் கேட்டால் போதும். கரடியிடமிருந்து 300 கெஜம் தள்ளி இருக்க வேண்டும் என்பது டெனாலி பூங்காவின் விதி. கரடியைக் கண்டு ஓடக்கூடாது. மூஸ் என்ற மிகப் பெரிய மான் துரத்தினால் ஓட வேண்டும், மரத்துக்குப் பின்னால் போக வேண்டும். குட்டியோடு இருக்கும் தாய் மூஸ் விடுதி வாசலிலேயே நிற்கும், அதை மான்தானே என்று நெருங்குவதுதான் தவறு. கரடி ஸ்ப்ரேயை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, செக்-இன் பெட்டியிலும் முடியாது, அங்கே வாங்கிக்கொள்ளட்டும். என்னைக் கேட்டால் கரடியைவிட ஆற்றுக்குத்தான் அஞ்ச வேண்டும். பனியாறுகள் உருகி வரும் நீர், பகல் சூட்டில் உருகல் கூடக்கூட மாலைக்குள் பெருகிவிடும். காலையில் எளிதாகக் கடந்த ஆற்றை மாலையில் கடக்க முடியாமல் போகும். டெக்லானிகா ஆற்றைக் கடக்கப் போய் உயிர்விட்ட இளைஞர்கள் உண்டு. விடுமுறை நாளில் நண்பர்கள் அழைத்தாலும் பாலமில்லாத ஆற்றில் இறங்குவதில்லை என்று அவளிடம் சொல் வாங்கிக்கொள்ளுங்கள்.

26 வயதுவரை உங்கள் மருத்துவக் காப்பீட்டில் அவள் இருக்கலாம். ஆனால் குறிப்பிட்ட மருத்துவர்களிடம் மட்டும் போகச் சொல்லும் எச்எம்ஓ வகைத் திட்டமாக இருந்தால் அவசர சிகிச்சை தவிர வேறெதற்கும் வெளி மாநிலத்தில் பணம் தராமல் போகலாம். காப்பீட்டு நிறுவனத்தை அழைத்து, ஹீலி கிளினிக்குக்குச் சாதாரணக் காய்ச்சலுக்குப் போனால் என்ன ஆகும், விமான ஆம்புலன்ஸ் தேவைப்பட்டால் என்ன ஆகும் என்ற இரண்டையும் நேராகக் கேளுங்கள். தொடர்ந்து எடுக்கும் மருந்து இருந்தால் சீசன் முழுவதற்கும் வாங்கி அனுப்புங்கள்.

படிப்புக்கு என்ன பயன் என்ற கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்கிறேன். அவள் உயிரியல் படிக்கிறாள். அடுத்த கோடையில் தன் துறையிலேயே ஆய்வகத்திலோ களப்பணியிலோ இன்டர்ன்ஷிப் கிடைத்தால் விடுதி வேலையை விட்டுவிட்டு அதற்குத்தான் போக வேண்டும். ஆனால் இரண்டாம் ஆண்டு முடித்தவளுக்கு இந்த ஒரு கோடை வீணில்லை. காட்டில் தங்கிக் களப்பணி செய்ய விண்ணப்பிக்கும்போது, தொலைதூர இடத்தில் ஒரு சீசனை முழுமையாக முடித்தவள் என்ற வரியைத் தேர்வு செய்பவர்கள் கவனிப்பார்கள். விடுமுறை நாட்களில் பூங்காவின் ரேஞ்சர்கள் நடத்தும் நடைகளுக்கும் உரைகளுக்கும் போகட்டும், அவர்களோடு பேசட்டும். தேசியப் பூங்காக்களின் தற்காலிகப் பணிகள் யூஎஸ்ஏஜாப்ஸ் என்ற மத்திய அரசின் வேலைவாய்ப்புத் தளத்தில் வருகின்றன. குடியுரிமை உள்ளவளுக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நிறுவனத்துக்கு நீங்கள் போன் செய்யாதீர்கள். உங்கள் கவலை நியாயமானது, ஆனால் அம்மா அழைத்தால் மகளால் தனியாகச் சமாளிக்க முடியாது என்றுதான் அங்கே புரிந்துகொள்வார்கள். நீங்களும் அவளும் உட்கார்ந்து கேள்விகளை எழுதுங்கள், போனில் அவளே கேட்கட்டும். பூங்கா வாசலைச் சுற்றி செல்போன் எடுக்கும், உள்ளே போனால் எடுக்காது. அதனால் தினமும் இரவு அழைக்க வேண்டும் என்று விதி வைத்தால் ஒரு நாள் அழைப்பு வராமல் நீங்கள் துடித்துப்போவீர்கள். வாரத்தில் ஒரு நாள் நிச்சயம் பேசுவது, மலையேறப் போனால் எங்கே போகிறாள், எப்போது திரும்புவாள் என்று அறைத்தோழிக்கும் உங்களுக்கும் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுக் கிளம்புவது என்று பேசி வையுங்கள்.

அவள் சைவம் என்று எழுதியிருந்தீர்கள். பணியாளர் உணவகத்தில் தினமும் சைவ உணவு உண்டா என்பதையும் கேள்விப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். பொடியும் ஊறுகாயும் அனுப்புவதானால் தபால் துறையின் ஃபிளாட் ரேட் என்ற நிலையான கட்டணப் பெட்டியில் அனுப்புங்கள், அலாஸ்காவுக்கும் அதே கட்டணம்தான். தபால் முகவரியை நிறுவனமே கொடுக்கும். விமான டிக்கெட்டை மட்டும் சேரும் தேதியும் முடியும் தேதியும் எழுத்தில் வந்த பிறகு வாங்குங்கள். ஆஃபர் லெட்டர் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள், கையெழுத்துக்கு முன் படித்துச் சொல்கிறேன்.