'போய் வருகிறேன்' சொல்லும் முன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் மாணவர் பரிமாற்றத்தில் ஜெர்மனியில் ஒரு செமஸ்டர் படிக்கிறாள். பிப்ரவரி கடைசியில் ஊர் திரும்புகிறாள். கிளம்புமுன் என்னென்ன முடிக்க வேண்டும்? (வாசகி, கோவை)

பதில்: எதைக் கடைசியில் முடிப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். அவசரப்பட்டு வங்கிக் கணக்கை முதலில் மூடிவிடுவார்கள். அறைக்குக் கட்டிய அட்வான்ஸோ, காலி செய்த அன்றே கைக்கு வராது. வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகும். திருப்பித் தரும் படிவத்தில் ஐபேன் (சர்வதேச வங்கிக் கணக்கு எண்) கேட்பார்கள். இந்திய வங்கிக் கணக்குகளுக்கு அந்த எண் கிடையாது. அதனால் அட்வான்ஸ் வந்து சேரும்வரை ஜெர்மன் கணக்கு இருக்கட்டும்.

முக்கியமான வேலை 'அப்மெல்டுங்', அதாவது குடியிருப்புப் பதிவை நீக்குவது. காலி செய்யும் நாளுக்கு ஒரு வாரம் முன்பிருந்து, காலி செய்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சிப் பதிவு அலுவலகத்தில் இதைச் செய்ய வேண்டும். அங்கே தரும் சான்றிதழை ஸ்கேன் செய்து வைக்கச் சொல்லுங்கள். மருத்துவக் காப்பீட்டை நிறுத்தும்போது அதைத்தான் கேட்பார்கள்.

பொது வானொலி, தொலைக்காட்சிக்காக வசூலிக்கும் ஒளிபரப்புக் கட்டணம் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. பதிவை நீக்கினால் அதுவும் தானாக நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நாடு முழுவதும் உள்ளூர்ப் பேருந்து, ரயில்களில் போக உதவும் மாதப் பயணச்சீட்டான 'டாய்ச்லாந்து டிக்கெட்' சந்தா இருந்தால், 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் அந்த மாதக் கடைசியோடு நிற்கும்.

அட்வான்ஸில் கை வைப்பது பெரும்பாலும் சுத்தக் குறைவுதான். நம் சமையலில் தாளிப்பு உண்டு. அடுப்புக்கு மேலே புகைபோக்கியின் வடிகட்டியில் எண்ணெய்ப் பிசுக்கு கெட்டியாகப் படிந்திருக்கும். அதைக் கழற்றி, வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஊறவைக்க வேண்டும். குழாயிலும் குளியலறைக் கண்ணாடியிலும் படியும் வெள்ளைச் சுண்ணாம்புக்கு, ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் போதும். சூடாக்கினால் வேறொரு படிவு உண்டாகி ஒட்டிக்கொள்ளும். குளிர்காலத்தில் ஜன்னலைத் திறக்காமலே இருந்திருந்தால் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை பிடித்திருக்கலாம். அலமாரியை இப்போதே நகர்த்திப் பாருங்கள். சாவியை ஒப்படைக்கும்போது அறையின் நிலையை எழுதி இருவரும் கையெழுத்திடும் தாளில் ஒரு பிரதி வாங்காமல் வரக் கூடாது.

கேள்வி: மதிப்பெண் பட்டியல் கையில் வராமலே கிளம்பலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: கிளம்பலாம். குளிர்கால செமஸ்டர் வகுப்புகள் பிப்ரவரியில் முடிந்தாலும் செமஸ்டர் மார்ச் 31 வரை உண்டு. கட்டுரை மதிப்பெண்கள் அதற்கும் பிறகு வரலாம். பல்கலைக்கழக மாணவர் பதிவிலிருந்து பெயர் நீக்கியபின் அதன் மின்னஞ்சல் ஒருநாள் முடங்கிவிடும். அதனால் சொந்த மின்னஞ்சல் முகவரியைச் சர்வதேச அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, தேவையான கோப்புகளை முன்பே இறக்கி வையுங்கள்.

கேள்வி: நண்பர்களிடமும் பேராசிரியரிடமும் எப்படி விடைபெறுவது? பரிசு கொடுக்கலாமா? (மாணவி, மதுரை)

பதில்: அங்கே பிரிந்து போகிறவர்தான் கேக் கொண்டுபோக வேண்டும். மற்றவர்கள் ஏற்பாடு செய்வார்கள் என்று காத்திருந்தால் ஒன்றும் நடக்காது. அவர்களுக்கு அன்பு இல்லை என்று மனம் கலங்க வேண்டாம், அங்கே வழக்கம் அப்படி. தேர்வுக் காலம் என்பதால் இரண்டு வாரம் முன்பே தேதி சொல்லிவிடுங்கள். ஏழு மணி என்றால் ஏழுக்கே வந்து நிற்பார்கள். இரவு பத்துக்கு மேல் சத்தம் கூடாது.

அரசுப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் விலையுயர்ந்த பரிசை வாங்க முடியாது. எந்த வகுப்பில் எது உங்களுக்குப் பிடித்தது என்று கைப்பட எழுதிய அட்டை கொடுங்கள். பரிந்துரைக் கடிதம் வேண்டுமானால் நேரில் பார்க்கும்போதே கேளுங்கள்; ஆறு மாதம் கழித்து மின்னஞ்சலில் கேட்டால் முகம் நினைவுக்கு வராது.

பேராசிரியரிடம் 'ச்சூஸ்' வேண்டாம், அது நண்பர்களுக்கு. 'ஆஃப் வீடர்ஸேஹன்' சொல்லுங்கள். மறுபடி பார்ப்போம் என்று பொருள். 'போகிறேன்' என்று சொல்லாத நம் வாய்க்கு அது எளிதாக வரும்.