சீப்பில் வரும் முடியும் மூன்று மாதக் கணக்கும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை "என்ன தடவலாம் டாக்டர்?" என்றுதான் முடிகின்றன. எப்போது ஆரம்பித்தது, தலையில் எந்த இடத்தில் குறைகிறது என்று எழுதுகிறவர்கள் குறைவு. எனக்கு முதலில் வேண்டியது அந்த இரண்டும்தான். ஓரளவு விவரத்தோடு வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன், மற்றவர்களுக்கும் இதற்குள்ளேயே பதில் இருக்கலாம்.

சீப்பு வைத்தாலே கொத்துக் கொத்தாக வருகிறது. எண்ணெய், ஷாம்பு எதையும் மாற்றவில்லை. ஒரு மாதமாகத்தான் இப்படி. பெண், வயது 31.

போன மாதம் என்ன செய்தோம் என்று யோசித்துப் பார்த்திருப்பீர்கள், ஒன்றும் அகப்பட்டிருக்காது. நான்கு மாதம் பின்னால் போய்த் தேடுங்கள். கடுமையான காய்ச்சல், அறுவை சிகிச்சை, சாப்பாட்டை வெட்டி மளமளவென்று எடை குறைத்தது, வீட்டில் ஒரு சாவு, புதிதாக ஆரம்பித்த மாத்திரை, இதில் ஏதாவது இருந்ததா?

தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு ஆண்டு வரை வளரும், அப்புறம் இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும், சுமார் மூன்று மாதம் சும்மா ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு விழும். சாதாரணமாகப் பத்தில் ஒரு பங்கு முடிதான் இப்படி ஓய்வில் இருக்கும், அதனால்தான் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி விழுந்தாலும் நமக்குத் தெரிவதில்லை. உடம்பு பெரிதாக அடிபட்டால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு பெரும் பகுதி ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. மூன்று மாதம் கழித்து எல்லாம் சேர்ந்து கொட்டும்போது காய்ச்சல் மறந்தே போயிருக்கும், பழி ஷாம்பு மேல் விழும்.

இதற்கு டெலோஜன் எஃப்ளூவியம் என்று பெயர். வேர்க்கால்கள் உயிரோடுதான் இருக்கின்றன. காரணம் விலகிவிட்டால் பொதுவாக ஆறு மாதத்துக்குள் கொட்டுவது அடங்கும். பழைய அடர்த்தி கண்ணுக்குத் தெரிய அதற்கு மேலும் ஆகும், ஏனென்றால் முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஆறு மாதம் தாண்டியும் நிற்கவில்லை, அல்லது எவ்வளவு தேடியும் காரணம் கிடைக்கவில்லை என்றால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு), தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும், ஆனால் உடம்பின் இரும்புச் சேமிப்பு தரைதட்டியிருக்கும். மாதவிடாயில் அதிக ரத்தம் போகிறவர்களிடம் இது சகஜம். அப்புறம், தயவுசெய்து உதிர்ந்ததை எண்ணாதீர்கள். எண்ணிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. பையைப் பார்த்து நான் தெரிந்துகொள்ளக்கூடியது ரொம்பக் கொஞ்சம், எனக்குத் தலையைப் பார்க்க வேண்டும்.

பிரசவமாகி நான்கு மாதம். தலையணை முழுக்க முடி. தாய்ப்பால் கொடுப்பதால்தான் என்கிறார்கள். நிறுத்திவிடலாமா?

வேண்டாம். கர்ப்ப காலத்தில் ஏறியிருந்த ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன், விழ வேண்டிய முடிகளையும் பிடித்து வைத்திருந்தது. பிரசவத்துக்குப் பிறகு அது இறங்கியதும் அந்தப் பாக்கியெல்லாம் சேர்ந்து விழுகிறது. குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போது பெரும்பாலானவர்களுக்குப் பழைய நிலை திரும்பிவிடும். கூடவே படபடப்பு, தாங்க முடியாத அசதி இருந்தால் மட்டும் தைராய்டு பாருங்கள், பிரசவத்துக்குப் பின் அது தடுமாறுவது உண்டு. இன்னொன்று, முடிக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றினாலும் சொல்லிவிடுகிறேன்: உதிர்ந்த முடி குழந்தையின் கால்விரலில் சுற்றி இறுகிக்கொள்வதுண்டு. காரணம் தெரியாமல் குழந்தை வீறிட்டு அழுதால் கால்விரல், கைவிரல்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வயது 24. நெற்றியில் இரண்டு பக்கமும் மேலே ஏறிக்கொண்டே போகிறது. அம்மாவின் அப்பாவுக்கு முழு வழுக்கை. என் கதையும் அவ்வளவுதானா? ஹெல்மெட்டும் ஒரு காரணமா?

ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டே ஓட்டுங்கள் தம்பி, வழுக்கைத் தலையைவிட உடைந்த தலை மோசம்.

உங்களுடையது முதல் கேள்விக்காரர் சொன்ன கொட்டல் இல்லை. இங்கே முடி கொத்தாக விழவே வேண்டியதில்லை. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உண்டாகும் டிஹெச்டி என்ற ஹார்மோனுக்கு, மரபுவழியாகவே சில வேர்க்கால்கள் கூச்சப்படும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த வேர்க்கால் இன்னும் கொஞ்சம் சிறுத்து, முடி மெலிந்து, குட்டையாகி, கடைசியில் பூனைமுடி மாதிரி ஆகிவிடுகிறது. முன்நெற்றியிலும் உச்சியிலும் இருப்பவை இப்படி. பின்தலையில் இருப்பவை அசைந்துகொடுப்பதில்லை. பருவமடையும் முன்பே விதைகள் நீக்கப்பட்ட ஆண்களுக்கு இந்த வழுக்கை விழுவதில்லை என்பதை அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942இலேயே எழுதிவிட்டார், ஹார்மோன் தொடர்பு அங்கிருந்துதான் தெளிவானது.

தாத்தா விஷயம் பாதி உண்மை. ஆண்ட்ரோஜனை, அதாவது டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்களை, ஏற்கும் புரதத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, ஆண்களுக்கு அது அம்மாவிடமிருந்து வருகிறது. ஆனால் இதில் பங்கெடுக்கும் மரபணுக்கள் ஏராளம், அப்பா வழியிலும் வரும். ஆகவே தாத்தாவின் தலையைப் பார்த்து உங்கள் தலையைத் தீர்மானிக்க முடியாது.

நல்ல ஆதாரம் உள்ள மருந்துகள் இரண்டு. மினாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைக்க, 1988இல் அமெரிக்காவில் தலையில் தடவும் மருந்தாக அனுமதி கிடைத்தது. ஃபினாஸ்டரைடு புராஸ்டேட் வீக்கத்துக்கான மாத்திரை, அதன் 1 மில்லிகிராம் அளவு 1997இல் வழுக்கைக்கு வந்தது, டிஹெச்டி உண்டாவதையே குறைக்கும். இரண்டும் இருக்கிற முடியைக் காப்பதில் கெட்டி, போனதைத் திருப்பித் தருவதில் சுமார். அதனால் சீக்கிரம் ஆரம்பிக்கிறவருக்குத்தான் லாபம். ஆறு மாதமாவது விடாமல் போட்ட பிறகே வேலை செய்கிறதா இல்லையா என்று பேச முடியும், நிறுத்தினால் சில மாதங்களில் பலன் கரைந்துவிடும்.

ஃபினாஸ்டரைடு எடுக்கிறவர்களில் சிலருக்குப் பாலுறவு ஆர்வம் குறையலாம், விறைப்பில் தொந்தரவு வரலாம். மனச்சோர்வும் பதிவாகியிருக்கிறது. அப்படி ஏதாவது உணர்ந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள், கூச்சப்பட்டுக்கொண்டு மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். பின்னாளில் புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ பரிசோதனை செய்தால் இந்த மாத்திரை எடுப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், அந்த அளவை இது ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும். கர்ப்பமாக வாய்ப்புள்ள பெண்கள் இதைச் சாப்பிடக் கூடாது, உடைந்த மாத்திரையைத் தொடவும் வேண்டாம், ஆண் சிசுவின் பிறப்புறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும். கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் சமாசாரம் இல்லை இது.

மினாக்ஸிடில் ஆரம்பித்து மூன்று வாரம். முன்பைவிட அதிகமாகக் கொட்டுகிறது! நிறுத்திவிட்டேன்.

பாதி வழியில் இறங்கிவிட்டீர்கள். ஓய்வில் இருந்த வேர்க்கால்களை மருந்து சீக்கிரமே எழுப்புகிறது, அவை புது முடியைத் தள்ளும்போது பழையது விழுகிறது, பால்பல் விழுந்தால்தான் அடுத்தது வரும் என்பதுபோல. முதல் இரண்டு மாதத்துக்குள் வந்து தானாக அடங்கிவிடும். தலை எரிச்சலோ, நெஞ்சுப் படபடப்போ, முகத்தில் வீக்கமோ இல்லை என்றால் மறுபடி ஆரம்பியுங்கள். கண்ணாடியைத் தினமும் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரே இடம், ஒரே வெளிச்சம், காய்ந்த தலை என்று வைத்துக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒரு போட்டோ எடுங்கள். வீட்டில் பூனை இருக்கிறதா? அப்படியானால் கவனம். தடவிய தலையையோ தலையணையையோ அது நக்கினால், சிறு அளவே அதன் உயிருக்கு ஆபத்து. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் இந்த மருந்தைத் தவிர்க்க வேண்டும்.

பயோட்டின் மாத்திரை ஒரு வருடமாகச் சாப்பிடுகிறேன். நல்லதுதானே? இன்னும் எவ்வளவு காலம்?

யார் எழுதிக் கொடுத்தது? பயோட்டின் ஒரு பி வகை வைட்டமின். பெரியவர்களுக்கு நாளுக்கு 30 மைக்ரோகிராம் போதும், சாதாரணச் சாப்பாட்டிலேயே அது கிடைத்துவிடும். முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம் என்று இருக்கிறது. உண்மையான பயோட்டின் குறைபாடு அபூர்வம். அது இல்லாதவருக்கு இந்த மாத்திரை முடியை வளர்க்கிறது என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. மிச்சம் சிறுநீரில் போய்விடும், அதனால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். கெடுகிறது. பல ரத்தப் பரிசோதனைகள் பயோட்டினைப் பயன்படுத்தித்தான் இயங்குகின்றன, ரத்தத்தில் அது அதிகமாக மிதந்தால் முடிவு தப்பாக வரும். தைராய்டு அதிகமாக வேலை செய்கிறது என்று பொய்யாகக் காட்டலாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோபோனின் இல்லாததுபோலக் காட்டலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இலேயே இதைப் பற்றி எச்சரித்துவிட்டது. முடி கொட்டுகிறது என்று தைராய்டு பார்க்கப் போகிறவர்தான் இந்த மாத்திரையையும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்பதுதான் வேடிக்கை. பரிசோதனைக்குச் சில நாள் முன்பே நிறுத்துங்கள், நிறுத்தியதைச் சொல்லவும் செய்யுங்கள்.

இதே கூட்டத்தில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், வைட்டமின் ஏ, செலினியம். இவை அளவு மீறினால் முடி கொட்டும். முடி வளர்வதற்காகச் சாப்பிட்ட மாத்திரையாலேயே முடி போவதும் நடக்கிறது.

8 வயது மகனுக்குப் பின்தலையில் நாணயம் அளவுக்குச் சொட்டை. பூச்சி கடித்திருக்கும், எரிகிற மாதிரி எதையாவது தேய் என்கிறார்கள்.

எரிகிற எதையும் தேய்க்காதீர்கள், குழந்தையின் தலைத்தோல் வெந்துபோகும். இரண்டில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த இடம் வழுவழுவென்று, செதில் இல்லாமல், அரிப்பில்லாமல் இருந்தால் அது புழுவெட்டு. பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வேர்க்காலைத் தாக்குவதால் வருவது. நகங்களில் ஊசி குத்தியதுபோலக் குழிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஓரிரு திட்டோடு நிற்கும்போது பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே முளைத்துவிடும், முதலில் வெள்ளையாக முளைத்தால் பயப்பட வேண்டாம்.

செதில் உதிர்கிறது, அரிக்கிறது, முடி தோல் மட்டத்தில் ஒடிந்து கறுப்புப் புள்ளிகளாகத் தெரிகிறது என்றால் அது படர்தாமரை வகைப் பூஞ்சை. களிம்பு மட்டும் போட்டால் போகாது, முடிக்குள்ளேயே பூஞ்சை இருப்பதால் சில வாரங்கள் மாத்திரை சாப்பிட வேண்டும். சீப்பு, தொப்பி, துண்டைத் தனியாக வையுங்கள், கூடப் படுக்கிற குழந்தைகளின் தலையையும் பாருங்கள். இது தள்ளிப்போடக் கூடாதது, சீழ் பிடித்து வீங்கினால் தழும்பாகி அந்த இடத்தில் நிரந்தரமாக முடி இல்லாமல் போகலாம்.

மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளருமா? தினமும் தலைக்குக் குளித்தால் கொட்டுமா? எண்ணெய் தேவையா?

வளராது. கத்தி வெட்டுவது தோலுக்கு மேலே, வேர்க்கால் இருப்பது கீழே. வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் தொட்டால் கரடாகத் தெரிகிறது, அவ்வளவுதான். 1928இலேயே அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் டிராட்டர் சவரத்தை வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டார், வித்தியாசம் ஒன்றும் இல்லை.

குளிக்கும்போது வருவது ஏற்கனவே கழன்ற முடி. வாரத்துக்கு ஒருமுறை குளித்தால் ஏழு நாள் முடியும் ஒரே நாளில் வரும், பார்க்கப் பயமாக இருக்கும். பிசுக்கும் பொடுகும் உள்ளவர்கள் அடிக்கடி குளிப்பதே நல்லது. எண்ணெய் முடியின் தண்டைக் காக்கும், உடைவதைக் குறைக்கும். வேரில் அதற்கு வேலை இல்லை. பொடுகு இருக்கும்போது தலைத்தோலில் எண்ணெய் ஊறவைப்பது, அதற்குக் காரணமான மலசீசியா பூஞ்சைக்கு விருந்து வைப்பதுதான்.

வயது 56, பெண். நெற்றி முடி ஓரம் ஒரே சீராகப் பின்னால் போகிறது. புருவமும் மெலிந்துவிட்டது. வயசாகிவிட்டது, இனி என்ன என்று விட்டுவிடலாமா?

விடாதீர்கள். இந்த முறை வந்ததில் நான் அவசரம் என்று சொல்வது இதைத்தான். பெண்களுக்கு வயதினால், மரபினால் குறைவது பெரும்பாலும் உச்சியில். வகிடு அகலமாகும், முன் ஓரம் அப்படியே இருக்கும். ஓரம் பட்டையாகப் பின்வாங்கி, கூடவே புருவமும் போகிறது என்றால் ஃப்ரன்டல் ஃபைப்ரோசிங் அலோபீசியாவாக இருக்கலாம். 1994இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட நோய், மாதவிடாய் நின்ற பெண்களிடம்தான் அதிகம். இதில் வேர்க்கால் தழும்பாகி மூடிக்கொள்கிறது, மூடியது திறக்காது. சிகிச்சையின் நோக்கமே மிச்சத்தைக் காப்பதுதான், அதனால் ஒவ்வொரு மாதமும் கணக்கில் சேரும். அந்தத் தோலில் முடி முளைக்கும் துளைகளே தெரியவில்லையா, முடியின் அடியில் சிவப்போ செதிலோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். பதில் எதுவாக இருந்தாலும் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள், சிறு திசு எடுத்துப் பார்க்கவும் சொல்லலாம்.

பல வருடம் முடியை இழுத்து இறுக்கிக் கட்டியவர்களுக்கும் முன் ஓரம் போகும். அது ஆரம்பத்திலேயே தளர்த்திவிட்டால் திரும்பும், காலம் கடந்தால் அதுவும் திரும்பாது.

வயது 26. மாத்திரை, மருந்து என்று இழுத்துக்கொண்டிருக்காமல் நேராக முடி நட்டுக்கொள்ளலாமா?

நட்டது தங்கும், சந்தேகமில்லை. பின்தலை முடி எங்கே போனாலும் தன் குணத்தை மாற்றிக்கொள்ளாது, அமெரிக்கத் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரீக் 1959இல் காட்டியது அதுதான். தொல்லை என்னவென்றால், நட்டதைச் சுற்றி இருக்கும் உங்கள் சொந்த முடி தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும். 26இல் முன்நெற்றியை நேர்கோடாக நிரப்பிவிட்டு 36இல் பின்னால் எல்லாம் காலியானால், முன்னால் மட்டும் ஒரு தீவு நிற்கும். அதை ஒட்டவைக்கப் பின்தலையில் சரக்கு மிச்சம் இருக்காது, அங்கே எடுத்த இடத்தில் மறுபடி முளைப்பதில்லை.

ஒரு வருடம் மருந்து போட்டு, உதிர்வு நின்றதா என்று பார்த்த பிறகு யோசியுங்கள். நட்ட பிறகும் மருந்து தொடர வேண்டியிருக்கும். நட்ட முடி முதல் ஓரிரு மாதத்தில் விழுந்துவிட்டு, அப்புறம்தான் முளைக்கும், முழுப் பலன் தெரிய ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும். போகிற இடத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: வேர்க்கால்களை எடுத்து நடப்போவது மருத்துவரா, உதவியாளரா? என் பின்தலையில் மொத்தம் எவ்வளவு எடுக்கலாம், இப்போது எவ்வளவு எடுக்கிறீர்கள்? இன்னும் பத்து வருடத்தில் மீதியும் போனால் உங்கள் திட்டம் என்ன? இதற்கெல்லாம் பதில் சொல்லாமல் தள்ளுபடியையும் தேதியையும் பற்றியே பேசினால், எழுந்து வந்துவிடுங்கள்.