பழைய கேமராவா, ஐபி கேமராவா?

கேள்வி: எங்கள் கிடங்கில் பழைய வகைக் கண்காணிப்புக் கேமராக்கள் எட்டு இயங்கி வருகின்றன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஐபி கேமராக்களைப் பொருத்துமாறு ஒருவர் வற்புறுத்துகிறார். இணையம் துண்டிக்கப்பட்டால் அவை பதிவு செய்யாமல் நின்றுவிடும் என்று இன்னொருவர் எச்சரிக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டாமவரின் அச்சத்தை முதலில் ஒதுக்கி வையுங்கள். பதிவுகளை இணையத்திலேயே சேமிக்கும் கிளவுட் வகையைத் தவிர்த்தால், கணினி வலையமைப்பு வழியே காட்சியை அனுப்பும் ஐபி கேமராவுக்குக் கட்டடத்துக்குள் உள்ள வலையமைப்பும் என்விஆர் என்னும் பதிவுக் கருவியுமே போதும். வெளியில் இருந்தபடி கைபேசியில் பார்க்க வேண்டுமானால்தான் இணையம் தேவை.

இரு வகைகளுக்கும் அடிப்படை வேறுபாடு, காட்சி எந்த இடத்தில் எண்ம (டிஜிட்டல்) வடிவம் பெறுகிறது என்பதே. பழைய அனலாக் கேமரா காட்சியை மின்சைகையாகக் கோஆக்சியல் கேபிளில் (டிவி கேபிள் போன்ற கம்பியில்) அனுப்ப, மறுமுனையில் உள்ள டிவிஆர் என்னும் பதிவுக் கருவி அதை எண்ம வடிவாக்கிப் பதிகிறது. ஐபி முறையில் அந்த வேலையைக் கேமராவே முடித்துவிடுகிறது. பழைய வகைப் பதிவில் ஒரு படம் பெரும்பாலும் 704×576 புள்ளிகள், அதாவது சுமார் 4 லட்சம். 1080பி ஐபி கேமராவில் அது சுமார் 20 லட்சம். வாயிலில் நின்றவரின் முகத்தைப் பெரிதாக்கும்போது முன்னதில் கண்ணும் மூக்கும் கட்டம் கட்டமாகக் கரைந்துபோவது இதனால்தான்.

ஆனால், உங்களிடம் ஐபியை வற்புறுத்துபவர் சொல்லாமல் விட்ட வழி ஒன்று உண்டு. ஏஎச்டி, டிவிஐ, சிவிஐ எனப்படும் உயர்தெளிவு அனலாக் கேமராக்கள், ஏற்கெனவே உள்ள அதே கோஆக்சியல் கேபிளில் 1080பி காட்சியை அனுப்பும். கேமராவையும் டிவிஆரையும் மாற்றினால் போதும். கேபிள் நல்ல நிலையில் இருந்தால் நான் இதையே பரிந்துரைப்பேன். கேபிள் முனைகளில் உள்ள பிஎன்சி இணைப்புகள் துருவேறித் திரையில் அலை அலையாகக் கோடுகள் ஓடுகின்றன என்றால் மட்டும், புதிதாகக் கேபிள் இழுக்கும் செலவோடு ஐபிக்கே மாறிவிடலாம். அதில் பிஓஇ வசதி இருப்பின் ஒரே கேபிளில் மின்சாரமும் காட்சியும் சென்றுவிடும். ஆனால் அந்தக் கேபிளின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. நீளமான கிடங்குகளில் இடையில் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் (வலையமைப்புக் கேபிள்களை இணைக்கும் கருவி) வைக்க நேரும்.

எதைத் தேர்ந்தாலும் வட்டின் கொள்ளளவைக் கணக்கிடாமல் வாங்காதீர்கள். வினாடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் பதியும் ஒரு கேமரா ஒரு நாளில் சுமார் 43 ஜிபியை நிரப்பும். எட்டுக் கேமராக்களுக்கு 30 நாள் பதிவு வைக்க 10 டிபிக்கும் மேல் வேண்டும். பழைய எச்.264 முறைக்குப் பதில் எச்.265 என்னும் காணொளிச் சுருக்க முறையில் பதிந்தால் ஏறக்குறைய பாதியாகக் குறையும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, ஐபிதான் ஆபத்து என்பது அரைகுறை உண்மை. 2016இல் பரவிய மிராய் என்னும் தீநிரல், கடவுச்சொல் மாற்றப்படாத ஐபி கேமராக்களோடு இணையத்தில் இணைக்கப்பட்ட டிவிஆர்களையும் கைப்பற்றியது. எனவே, உங்கள் பழைய டிவிஆர் இணையத்தோடு இணைந்திருந்தால், அதன் கடவுச்சொல்லை இன்றே மாற்றிவிடுங்கள்.