பழுது தெரிந்தும் ஏன் உடனே இறங்கவில்லை?

நீங்கள் சென்ற விமானம், புறப்பட்ட சற்று நேரத்திலேயே தொழில்நுட்பக் கோளாறு என்று அறிவித்துவிட்டு, ஒரு மணி நேரம் வானிலேயே வட்டமடித்தது அலட்சியமா என்று கேட்டிருந்தீர்கள். என் கருத்தில் இல்லை. தீயோ அடங்காத புகையோ இருந்தால் எந்த விமானியும் தாமதிக்க மாட்டார். அவை இல்லாதபோது நேரம் அவருக்குப் பெரிய துணை. மேலும், நீங்கள் சென்ற ஏ320 வகையில் எரிபொருளை வானில் கொட்டும் வசதி இல்லை என்பதால், இறங்கும் முன் எடையைக் குறைக்க, பறந்தபடியே அதை எரித்துத்தான் தீர்க்க வேண்டும்.

நேரம் எப்படித் துணையாகிறது என்பதற்கு ஓர் உதாரணம்: 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய, ஆஸ்திரேலிய நிறுவனமான குவாண்டாஸின் ஏ380 விமானத்தின் இரண்டாவது எஞ்சின், இந்தோனேசியாவின் பாத்தாம் தீவின் அருகே வெடித்தது; அதன் சிதறல்கள் இறக்கையைத் துளைத்து மின்கம்பிகளை அறுத்தன. உள்ளே 469 பேர். கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி விமானத்தைக் கையாள, துணை விமானி திரையில் அடுக்கடுக்காக வந்த எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்த்தார். அதற்கே ஏறத்தாழ 50 நிமிடங்கள் பிடித்தன. பிறகு, பிரேக்கின் வலு குறைந்த நிலையில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலைய ஓடுபாதை போதுமா என்று கணக்கிட்டபோது, சுமார் 100 மீட்டர்தான் மிஞ்சும் எனத் தெரிந்தது. தரையிறங்கிய பின்னும், எரிபொருள் கசிந்துகொண்டிருக்க, ஓர் எஞ்சின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததால், அவசரச் சறுக்குகளைத் திறக்காமல் பயணிகளை உள்ளேயே இருத்தி, பின்னர் படிக்கட்டு வழியாக இறக்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை.

பணிப்பெண்கள் எதுவும் சொல்லவில்லை என்ற உங்கள் வருத்தம் மட்டும் நியாயமானது. விமானி அறை சரிபார்ப்பில் மூழ்கியிருக்கையில் அவர்களுக்கே விவரம் தாமதமாகத்தான் கிடைக்கும் என்றாலும், “வட்டமடிக்கிறோம், காரணம் எடை” என்ற ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.